அன்புக்கும் ஒத்திகை வேண்டும்

அக்டோபர் 2 வந்தால் போதும், வாட்ஸ்அப் முழுக்கப் புறாவும் கைராட்டையும்தான். கூடவே அன்பு உலகை வெல்லும் என்று ஒரு வரி. கோபம்கூட வருவதில்லை எனக்கு, சலிப்புதான். நல்ல மனசு இருந்தால் அகிம்சை தானாக வந்துவிடும் என்பது போலவே பேசிக்கொண்டிருக்கிறோம். சிலம்பத்தைப் போல அதையும் பழகித்தான் ஆக வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தைப் பாருங்கள். 1950களில் அங்கே கறுப்பின மக்கள் பெரிய கடைகளில் காசு கொடுத்துத் துணிமணி வாங்கலாம். அதே கடைக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கவுன்டரில் உட்காரத்தான் கூடாது. (காசுக்கு மட்டும் தீட்டு கிடையாது. எந்த ஊரிலும் கிடையாது.) அந்த ஊருக்கு இறையியல் படிக்க வந்தார் ஜேம்ஸ் லாசன். கொரியப் போருக்குப் போக மறுத்து ஜெயிலில் இருந்தவர். அப்புறம் நாக்பூரில் சில வருடம் தங்கி, காந்தியின் போராட்ட முறைகளைக் கற்றவர்.

1959-இல் ஒரு தேவாலயத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். கவுன்டர் மாதிரி நாற்காலிகளைப் போட்டுச் சிலர் உட்கார வேண்டும். மற்றவர்கள் ரவுடிகளாக நடிக்க வேண்டும்: கெட்ட வார்த்தையில் திட்டுவது, பிடித்துத் தள்ளுவது, முகத்தில் சிகரெட் புகையை ஊதுவது. உட்கார்ந்திருப்பவர் கை ஓங்கக் கூடாது. அடி விழும்போது தலையை எப்படிக் காப்பது என்பதும் அங்கே பாடம்.

1960 பிப்ரவரியில் நிஜமாகவே போய் உட்கார்ந்தார்கள். 27-ஆம் தேதி ஒரு கும்பல் அவர்களை இழுத்துப் போட்டு அடித்தது. போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு, அடி வாங்கிய மாணவர்களைக் கைது செய்தது. காலியான நாற்காலிகளில் அடுத்த குழு வந்து உட்கார்ந்தது.

அந்த நாட்களில் ஒருவன் லாசன் மீது காறித் துப்பினான். அவர் அவனிடமே கைக்குட்டை கேட்டார். அவனும் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டான்! துடைத்துக்கொண்டு, உன்னிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்று பேச்சுக் கொடுத்தார். இந்த நிதானம் பழகாமல் வருமா?

அதற்காக வெறும் பொறுமைதான் ஜெயித்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஈஸ்டர் நேரத்தில் கறுப்பின மக்கள் அந்தக் கடைகளைப் புறக்கணித்தார்கள். முதலாளிகளுக்கு வியாபாரம் படுத்தது. ஏப்ரல் 19-இல் மாணவர்களின் வழக்கறிஞர் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் மேயர் அலுவலகம் நோக்கி அமைதியாக நடந்தார்கள். டயான் நாஷ் என்ற மாணவி, நிறம் பார்த்து ஒதுக்குவது சரியா என்று மேயரிடம் நேருக்கு நேர் கேட்டார். சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார் அவர். மே 10-இல் கவுன்டர்கள் திறந்தன.

சரி, பீரங்கிக்கு முன்னால் இதெல்லாம் எடுபடுமா என்று கேட்பீர்கள். எல்லா இடத்திலும் எடுபடும் என்று நான் சொல்லவில்லை. நாஷ்வில்லில் வியாபாரத்துக்குப் பயந்த முதலாளிகளும், மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய மேயரும் இருந்தார்கள். ஆனால் ராணுவப் பயிற்சிக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு துளியைக்கூட இந்தப் பயிற்சிக்குச் செலவழிக்காமல், இது தோற்றுப்போன வழி என்று முடிவு கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பயிற்சி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு மறுவருடமே ஒரு சோதனை வந்தது. 1961 மே மாதம், பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கிளம்பிய சுதந்திரப் பயணிகளின் பேருந்தை அலபாமாவில் கொளுத்தினார்கள். பயணம் அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, அதைத் தொடரக் கிளம்பியது இந்த நாஷ்வில் மாணவர்கள்தான். அதில் சிலர் உயில் எழுதி வைத்துவிட்டுப் பஸ் ஏறினார்கள்.