தாத்தா நாற்காலி, இரண்டாம் பதிப்பு

அக்கா: சமையலறை ஜாடியில் கறுப்பாக என்னடா? புளிக்காய்ச்சல் என்று நினைத்துக் கரண்டியை எடுத்துவிட்டேன்.

தம்பி: ஐயோ, சோற்றில் போட்டுவிடாதே! வினிகரில் துருப்பிடித்த ஆணி ஊறுகிறது. முதலில் நான் செய்யும் நாற்காலியின் மரத்தில் டீ டிகாஷனைத் தடவ வேண்டும். காய்ந்ததும் இது. டீயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் புது மரம் கண்ணெதிரிலேயே கறுத்து நூறு வயதாகிவிடும்.

அக்கா: காலையில் டீ கேட்டதற்குத் தூள் தீர்ந்துவிட்டது என்றாய்.

தம்பி: தீர்ந்தது உண்மைதானே?

அக்கா: குளியலறை வாளியில்?

தம்பி: பிரம்பு. ஈரமாகப் பின்னினால்தான் காயும்போது இறுகும்.

அக்கா: நான் எதில் குளிப்பது? காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழைய நாற்காலிகளை வரிசையாகப் போட்டு விற்கிறார்கள். ஒன்றை வாங்கியிருக்கலாம்.

தம்பி: அதெல்லாம் யாரோ ஒருவருடைய தாத்தாவின் நாற்காலி. இது நம் தாத்தாவுடையது. சித்தப்பா வீட்டுக்கு மூன்று முறை போய், அங்கிருக்கும் தாத்தா நாற்காலியைப் பார்த்து அளவெடுத்தேன். அசல் பர்மாத் தேக்கு, அக்கா! 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிப்பதற்கு முன்னால் கப்பலில் வந்த மரம். ஓர் இரும்பாணி கிடையாது. எல்லாம் கழுந்தும் துளையும்தான், ஒரு கட்டையின் முனையை இன்னொன்றின் துளையில் செருகியது.

அக்கா: உன்னுடையதில்?

தம்பி: ஆணி வெளியே தெரியாது.

அக்கா: வலது பின்னங்கால் மட்டும் ஏன் இப்படி அகன்று நிற்கிறது?

தம்பி: அதுதான் சூட்சுமம்! அசலிலும் அப்படித்தான். தாத்தா வலப்பக்கம் சாய்ந்துதானே பேப்பர் படிப்பார்? அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் ஆசாரி காலை அகட்டி வைத்திருக்கிறார். அந்தச் சாய்வு பிடிபடுவதற்குள் நான்கு கால் வீணாகிவிட்டது. அசலில் அந்தக் காலின் நிறமும் கொஞ்சம் அழுத்தம். டீத்தூள் முழுவதும் அதற்குத்தான் போனது.

அக்கா: அது வேப்பங்கட்டை.

தம்பி: என்ன?

அக்கா: 1986 முழுப்பரீட்சை லீவு. நீ முதுகில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னல் திண்டிலிருந்து நாற்காலி மேல் குதித்தாய். கால் முறிந்தது. ஆசாரி ஊரில் இல்லை. தாத்தாவே தொழுவத்தில் கிடந்த கட்டையைச் சீவிச் செருகினார். கோணலாகத்தான் நின்றது. ஆசாரி வந்து பார்க்கட்டும் என்றார். அவர் வரவேயில்லை.

தம்பி: தாத்தா வலப்பக்கம் சாய்ந்தது?

அக்கா: அதற்குப் பிறகுதான். அந்த நாற்காலியில் வேறு எப்படி உட்காருவது?

தம்பி: அப்படியானால் ஆறு மாதமாக நான்...

அக்கா: நீ உடைத்ததைத்தான் நகலெடுத்திருக்கிறாய். அன்றைக்கு ஒரே குதியில் முடித்துவிட்டாய்.

தம்பி: காலைக் கழற்றி நேராக்கிவிடவா?

அக்கா: நீ தொடாதே. ஆசாரி வந்து பார்க்கட்டும்.