மூணு பக்க பில்லில் ஒரு வரி

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், தாய்மாமாவுக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்துவிட்டது. வாயுப் பிடிப்பு என்று அத்தை பெருங்காயம் கரைத்துக் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரம் போய், வேர்த்துக் கொட்ட ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. பக்கத்துத் தெரு கார்க்காரரை எழுப்பி, கிட்டத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அரசு மருத்துவமனை பதினாலு கிலோமீட்டர். 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டே ஒரு பையன் கேட்டான்: “இன்சூரன்ஸா, கேஷா?”

மாமாவிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்கு இன்னும் ‘கலைஞர் கார்டு’ என்றுதான் பேர். அத்தை அதை மஞ்சப்பையில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார், எடுத்து நீட்டினார். கவுன்டரில் இருந்த பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, எலும்பு முறிவுக்கும் கிட்னி கல்லுக்கும் மட்டும்தான் இங்கே கார்டு எடுப்போம், ஹார்ட்டுக்கு இல்லை என்றார். சரி, கேஷ். விடிவதற்குள் ஐம்பதாயிரம் அட்வான்ஸ்.

மாமா சைக்கிள் கடை வைத்திருப்பவர். இருபது ரூபாய்க்காக ஆட்டோவை விட்டு இறங்கி நடந்து வருகிற ஆள். அவருக்காக அன்றைக்கு அத்தை நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார், ஒரு வரி படிக்கவில்லை. பக்கத்தில் நின்ற எம்.காம் படித்த நானும் படிக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த டாக்டர் மூன்றரை மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட், அதாவது சின்ன வலைக்குழாய், வைத்து ஆளைக் காப்பாற்றினார். காலையில் மாமா டீ கேட்டார். அந்த டாக்டரை இங்கே யாரும் திட்ட வேண்டாம். நான் பேச வந்தது மூணாம் நாள் கைக்கு வந்த பில்லைப் பற்றி.

2,86,000 சொச்சம். மூணு பக்கம். டிஸ்சார்ஜ் சம்மரிக்காகக் காத்திருந்த நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். நர்சிங் சார்ஜ் தனி, டியூட்டி டாக்டர் சார்ஜ் தனி, மானிட்டருக்கு மணிக்கணக்கில் வாடகை, மருத்துவக் கழிவை அப்புறப்படுத்த ஒரு தொகை. கையுறை 42 ஜோடி. “இவரு ஒருத்தரத் தொட எம்பத்து நாலு கையா மாப்ள?” என்று அத்தை கேட்டார். அந்த வராந்தாவில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அத்தையின் சங்கிலி அதற்கு முந்தின நாளே அடகுக்குப் போயிருந்தது.

அந்த மூணு பக்கத்தில் சரியா தப்பா என்று என்னால் சரிபார்க்க முடிந்தது ஒரே ஒரு வரி. ஸ்டென்ட். நாற்பதாயிரத்துக்குள் போட்டிருந்தார்கள். போனில் தேடிப் பார்த்தேன், அரசு உச்சவரம்புக்குள்தான் இருந்தது. மற்ற எந்த வரிக்கும் ஒப்பிட்டுப் பார்க்க எங்கேயும் ஒரு விலை இல்லை. அவர்கள் எழுதியதுதான் விலை.

அந்த ஒரு வரி மட்டும் எப்படி ஒழுங்காக இருந்தது? 2017 பிப்ரவரி வரை மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரு லட்சத்துக்கு மேல் சர்வசாதாரணமாக விற்றது. தேசிய மருந்து விலை ஆணையம் அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது. சாதா ஸ்டென்டுக்கு 7,260. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் போட்டார்கள். கம்பெனிகள் ஓடிவிடும், நல்ல சரக்கு வராது, புதுக் கண்டுபிடிப்பு நின்றுவிடும் என்றெல்லாம் அப்போது பயமுறுத்தினார்கள். அதற்கப்புறம் உச்சவரம்பு மொத்தத்தில் ஏறித்தான் இருக்கிறது. ஆனாலும் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் கழித்து, ராத்திரி மூன்றரை மணிக்கு, ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு ஸ்டென்ட் கிடைத்தது, உச்சவரம்பு விலைக்குள்ளேயே கிடைத்தது.

விட்டுப்போனது மற்றதெல்லாம். 2018-ல் அதே ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நாலு தனியார் மருத்துவமனைகளின் பில்களை எடுத்துப் பார்த்தபோது, சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. சிரிஞ்ச், கேனுலா (மருந்து ஏற்றக் கையில் குத்தி வைக்கும் குழாய்), கையுறை மாதிரியான சில்லறைச் சாமான்கள் அதில் முக்கியமானவை. இதில் நமக்குப் புரிய வேண்டிய விஷயம், அந்த விலை பெரும்பாலும் அட்டையில் அச்சடித்த எம்ஆர்பிதான், சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது. கடைத்தெருவில் எம்ஆர்பி என்பது வாங்குகிறவனுக்குப் பாதுகாப்பு. ஆஸ்பத்திரிக்குள் அது தலைகீழ். மொத்தமாக வாங்குகிற ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு லாபம் வேண்டுமோ அந்த அளவுக்கு எம்ஆர்பியை ஏற்றி அச்சடித்துத் தருகிற கம்பெனிக்குத்தான் அங்கே ஆர்டர். வாங்குகிறவர் வேறு, காசு கொடுக்கிறவர் வேறு என்றால் விலை மேலேதான் போகும்.

இதைப் போன வாரம் சுருக்கமாக எழுதியபோது ஒரு நண்பர் வந்து, “அரசு கை வைத்த எதுவும் உருப்பட்டதில்லை, போட்டி வந்தால் விலை தானாகக் குறையும்” என்றார். எங்கள் ஊர் பைபாஸில் இரண்டு கிலோமீட்டருக்குள் ஐந்து மருத்துவமனைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் போட்டி எதில் தெரியுமா? முகப்புக் கண்ணாடியில், லிஃப்டில், ஸ்கேன் மெஷினில். ஒன்று புது மெஷின் வாங்கினால் மற்ற நாலும் வாங்குகின்றன, அத்தனை மெஷினுக்கும் தவணை கட்டுவது நாம். கத்திரிக்காய் சொத்தை என்று அடுத்த கடைக்குப் போகலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து கவுன்டரில் விலை விசாரித்துவிட்டு வர முடியுமா?

ஆனால் “அரசு எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்” என்கிற தோழர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. இலவசம் என்பது நோயாளிக்குத்தான், யாரோ ஒருத்தர் காசு கொடுக்கத்தான் செய்கிறார். அந்த யாரோ ஒருத்தர் விலை கேட்கிறாரா, கேட்காமல் கொடுக்கிறாரா என்பதுதான் என் கவலை. நோயாளியால் பேரம் பேச முடியாது. அவனுக்காகப் பேரம் பேச ஒரு ஆள் வேண்டும், அது அரசாகத்தான் இருக்க முடியும்.

இது நடக்காத கனவும் இல்லை. நம் மாநிலமே செய்து காட்டிய வேலை. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தை மொத்தமாக ஒரே இடத்தில் டெண்டர் விட்டு, பிராண்ட் பேர் பார்க்காமல் மருந்துப் பேரில், தயாரிக்கிற கம்பெனியிடம் நேரடியாக வாங்குவது. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வரும், மாதிரி ஆய்வகத்துக்குப் போகும், தேறினால்தான் வெளியே போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், அதில் இருக்கிற தொகைக்கு அவர்களே வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் நம்மைப் பார்த்துத்தான் அவர்கள் கழகத்தை அமைத்தார்கள். வெளிக்கடையில் ரூபாயில் விற்கிற மாத்திரையைப் பைசாவில் வாங்க முடிந்தது, காரணம் ஏழு கோடிப் பேருக்காக ஒரே ஆள் பேரம் பேசினார்.

காப்பீட்டுக்கு வந்தபோது அந்தப் புத்தியைக் கொஞ்சம் மறந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். 2009-ல் கலைஞர் காப்பீடு வந்தது, 2012-ல் முதலமைச்சர் விரிவான காப்பீடு, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து ஐந்து லட்சம் வரை. எத்தனையோ ஏழைகளின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் அது காப்பாற்றியிருக்கிறது, அதைக் குறைத்துப் பேசவே மாட்டேன். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இத்தனை ரூபாய் என்று அதில் தொகுப்பு விலையும் உண்டு. ஆனால் அந்த விலை கார்டு எடுக்கும் மருத்துவமனையை மட்டும்தான் கட்டும். எந்தப் பிரிவுக்கு எடுப்பது, எதற்கு மாட்டேன் என்பது அவர்கள் கையில். என் பள்ளித் தோழன் ஒருவன் சின்ன ஊரில் இருபது படுக்கை வைத்து நடத்தும் டாக்டர். அவன் பக்கத்தையும் கேட்டேன். “அந்த ரேட்டுல எனக்குக் கட்டுபடியாகாதுடா, பணமும் மாசக்கணக்குல இழுக்குது” என்றான். அதுவும் நியாயம்தான். தனியார் கல்லூரியில் கோடிக்கு மேல் கொட்டி எம்டி முடித்தவனிடம் தியாகம் எதிர்பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கார்டு கிடைக்காத நாம். ஆண்டு வருமானம் 1,20,000-க்கு மேல் போனால் திட்டத்தில் இடமில்லை, அதாவது மாதம் பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதித்தால் நீங்கள் வசதியானவர். நான் சொந்தமாக பாலிசி வைத்திருக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியைத் தூக்கினார்கள், சந்தோஷப்பட்டேன். அடுத்த ரெனியூவல் நோட்டீஸில் பிரீமியமே ஏறி, போன வரி கிட்டத்தட்ட வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது. கேட்டால் ‘மருத்துவப் பணவீக்கம்’ என்கிறார்கள். கையுறை 42 ஜோடிக்கு இப்படி ஒரு பெயர்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் போட்டார்கள். அதற்கான விதிகள் வந்தது 2018-ல். இருபத்தோரு வருஷம். அதுவும் பதிவு, இடவசதி, ஆள் வசதி என்று பேசுகிறதே தவிர பில் தொகைக்கு வரம்பு கட்டுவதில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கண்புரை அறுவைக்கு அரசு மருத்துவமனையில் பத்தாயிரம் வரை ஆவது தனியாரில் முப்பதாயிரத்திலிருந்து ஒன்றேகால் லட்சத்துக்கு மேலும் போகிறதே என்று மனுதாரர்கள் கேட்டார்கள். மாநிலங்களோடு பேசி ஒரு நிலையான கட்டணம் கொண்டுவா என்று மத்திய அரசை நீதிமன்றம் கடிந்துகொண்டது. 2025 மார்ச்சில் இன்னொரு வழக்கு, ஆஸ்பத்திரி மருந்துக்கடையிலேயே வாங்கு என்று நோயாளியைக் கட்டாயப்படுத்துவது பற்றி. அதை மாநிலங்கள்தான் கொள்கை வகுத்துக் கவனிக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆக, பந்து நம் கோட்டைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

என்ன செய்யலாம்? நான் நிபுணன் இல்லை, பில் கட்டியவன். சிரிஞ்ச், கையுறை, கேனுலா வகையறாவுக்கும் ஸ்டென்டுக்குப் போட்ட மாதிரி உச்சவரம்பு வேண்டும். பிரசவம், குடல்வால், கண்புரை, ஆஞ்சியோ மாதிரி தினம் நடக்கிற பத்து இருபது சிகிச்சைகளுக்காவது ‘எங்கள் கட்டணம் இவ்வளவு’ என்று வாசலில் போர்டு வைக்கச் சொல்லலாம். ஓட்டலில் இட்லிக்கு இருக்கிறதே. இதெல்லாவற்றையும் விட, பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அரசு மருத்துவமனையில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஆஞ்சியோ செய்ய ஆள் இருக்க வேண்டும். அது இருந்தால் பைபாஸில் இருக்கும் ஐந்தும் தானாக விலையைப் பார்த்துப் போடும். நண்பர் சொன்ன போட்டி அப்போதுதான் நிஜமாக வரும்.

அதற்குப் பணம்? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டரை சதவீதத்தை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவழிக்கும், 2025-க்குள் செய்வோம் என்று 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதி வைத்தார்கள். கொரோனா காலமான 2021-22-ல் கூட 1.84 தான். நாட்டின் மருத்துவச் செலவில் மக்கள் சட்டைப்பையிலிருந்து நேரடியாகப் போவது 2013-14-ல் நூற்றுக்கு 64 ரூபாயாக இருந்து 39 ஆக இறங்கியிருக்கிறது என்கிறது அரசுக் கணக்கு. நல்ல இறக்கம்தான். அந்த 39-க்குள் அத்தையின் சங்கிலியும் அடக்கம்.

எங்கள் தப்பும் உண்டு. ‘ஜிஎச்சா?’ என்று மூக்கைச் சுளித்து வெளியே வந்தவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். ஸ்ட்ரெச்சர் தள்ள நூறு ரூபாய் கேட்கிறார்கள், பாத்ரூம் பக்கம் போக முடியவில்லை, ஸ்கேனுக்குப் பத்து நாள் கழித்து வரச் சொல்கிறார்கள், எல்லாம் உண்மை. சண்டை போடத் தெரிந்த நாங்கள் கிளம்பி வந்துவிட்டோம், சண்டை போடத் தெரியாதவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அப்புறம் எப்படி பாத்ரூம் சுத்தமாகும்?

இன்னொரு வயிற்றெரிச்சல். இதயம் காப்போம் என்று 2023-லிருந்து ஒரு திட்டம் ஓடுகிறது. நெஞ்சுவலி என்று வந்தால் முதலுதவியாக அங்கேயே கொடுத்து அனுப்புவதற்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 14 மாத்திரைகள் எடுத்து வைத்திருப்பார்கள். மாமா வீட்டிலிருந்து அந்த நிலையம் இரண்டு கிலோமீட்டர். அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. பெருங்காயம்தான் தெரிந்தது.

இப்போது மாமா மாசா மாசம் அந்தச் சுகாதார நிலையத்தில்தான் மாத்திரை வாங்குகிறார். முதல் இரண்டு மாதம் அந்தத் தனியார் மருத்துவமனை மருந்துக்கடையில் 2,300 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தார். ஓசி மாத்திரை வேலை செய்யாது என்று பிடிவாதம். சுகாதார நிலையத்துச் செவிலியர் பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, ஒரு மாதத்துக்கான அட்டைகளை எண்ணிக் கையில் கொடுத்தபோது முகம் கொஞ்சம் தெளிந்தது. போன வியாழக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். வெளியே வேப்ப மரத்தடியில் நின்று, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“விக்கிறதுக்கு இல்ல, சரி. இவங்க என்ன விலைக்கு வாங்குனாங்க மாப்ள?”

மருத்துவப் பணிகள் கழகத்தின் இணையதளத்தில் விலைப் பட்டியல் இருக்கிறது. போனில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்துப் படிக்கிறேன் என்றார்.