கிம்ச்சி சைவமா?

சிறிய கொரிய உணவகங்களில் சாப்பாட்டோடு இலவசமாக வைக்கப்படும் கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய்கறித் தொடுகறி வெறும் முட்டைக்கோசும் மிளகாயும்தான், ஆகவே சைவர்கள் தயங்காமல் உண்ணலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பெரும்பாலும் சரியல்ல. வழக்கமான கிம்ச்சியில் மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி ஆகியவற்றோடு, உப்பிட்டுப் புளிக்கவைத்த பொடி இறாலோ நெத்திலிச் சாறோ, சில வீடுகளில் இரண்டுமோ சேர்த்துத்தான் மசாலா பிசைகிறார்கள். அந்த ஆழ்ந்த சுவைக்கு அவையும் ஒரு காரணம். பௌத்த மடாலயக் கிம்ச்சி இதற்கு ஒரு விலக்கு. அதில் பூண்டுகூடக் கிடையாது.

இதை யாரும் சரிபார்க்கலாம். இலைமடிப்பை விரித்தால் கரும்புள்ளிக் கண்களோடு பொடி இறால் சில சமயம் தென்படும். ஆனால் நொதிக்கும்போது அது கரைந்துவிடக்கூடும் என்பதால், கண்ணில் படாததை வைத்து முடிவு செய்யாமல், சமைப்பவரிடம் "இறால், மீன்சாறு சேர்த்தீர்களா?" என்று கேட்பதே உறுதியான வழி. பாக்கெட்டில் வாங்கினால் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள்.