மருந்துக்கடைக்காரர் மகளை மணந்த இளவரசர்

ஜெர்மனியின் சிறு அரசான அன்ஹால்ட்-டெஸ்ஸாவின் இளவரசர் லியோபோல்டைப் (1676–1747) பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவரை வெறும் டிரில் மாஸ்டராக, அதாவது சிப்பாய்களுக்கு அணிவகுப்புப் பயிற்சி கொடுப்பவராக மட்டும் அது காட்டியதில் எனக்கு வருத்தம்தான். பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் படைக்கு அவர் கொடுத்த இரும்புக் கோல் பெரிய விஷயம், சரி. துப்பாக்கிக் குழலில் வெடிமருந்தைக் கெட்டிக்க அதுவரை இருந்தது மரக்கோல். சண்டை நடுவில் அவசரமாகக் குத்தினால் ஒடிந்துவிடும், அப்புறம் அந்தச் சிப்பாய் கையில் இருப்பது வெறும் குழாய். இரும்பு வந்ததும் வேகமாகச் சுட முடிந்தது.

ஆனால் அவர் மனைவி அன்னா லூயிசாவைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே! டெஸ்ஸாவ் மருந்துக்கடைக்காரரின் மகள் அவர். அவரைக் காதலித்த லியோபோல்ட் மறக்கட்டும் என்று தாய் மகனை இத்தாலிக்கு அனுப்பிவைத்தார். மனிதர் மறக்கவே இல்லை. 1698-ல் ஆட்சிப் பொறுப்பு கைக்கு வந்ததும் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். 1701-ல் ஜெர்மன் அரசுகளுக்கெல்லாம் மேலே இருந்த புனித ரோமானியப் பேரரசரும் அன்னாவுக்குப் பட்டம் கொடுத்து அங்கீகரித்தார். 46 வருடத்துக்கும் மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1745 பிப்ரவரியில் அன்னா இறந்தார். அதே வருடம் டிசம்பர் 15, சாக்சனி என்ற ஜெர்மன் அரசுக்கு எதிராக பிரஷ்யா நடத்திய கெசல்ஸ்டோர்ஃப் போர். பனி மூடிய மேட்டில் இருந்த சாக்சனியர்களை நோக்கிப் படையை நடத்திச் சென்று ஜெயித்தவருக்கு அப்போது வயது 69. மனைவியை இழந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது.