சீனாவின் கதவைச் சாத்தியது யார்?

சீனாவில் கத்தோலிக்கம் ஏன் வளரவில்லை என்று முந்தாநாள் நடந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "சீனாக்காரனுக்குக் கடவுளே கிடையாது, அப்புறம் மாவோ வேற, எங்கே வளரும் கத்தோலிக்கம்?" என்று ஒருவர் சிரிக்க, பக்கத்தில் இருந்த நம்மவர், அதுவும் திருச்சபை வரலாறு படித்தவர், தலையாட்டினார். சிரித்தவரை விடுங்கள், அவருக்குத் தெரியாது. தலையாட்டியவருக்குமா தெரியாது?

மாவோ வந்தது 1949-ல். கதவு சாத்தப்பட்டது அதற்கு 200 வருடங்களுக்கு முன்பே. சாத்தியது ரோமாபுரி.

1692-ல் காங்ஷி பேரரசர் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு வெளிப்படையாக அனுமதி கொடுத்தார். 1700 வாக்கில் சுமார் 2 லட்சம் கத்தோலிக்கர். இந்த நிலைமை இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சி போட்ட பாதையில் வந்தது. அறிஞர் உடை, சீன நூல்கள், உலக வரைபடம், எல்லாவற்றுக்கும் மேலாக முன்னோர் வணக்கத்தில் கை வைக்காத புத்தி. இறந்தவர் பெயர் எழுதிய மரப்பலகை வீட்டில் இருக்கும். அமாவாசை, பௌர்ணமிக்கு அதன் முன் ஊதுபத்தி, உணவு, தரையில் தலைபட வணக்கம். சிங்மிங் நாளில் கல்லறைக்குப் போய் இதையே செய்வார்கள். இறந்தவருக்குக் காகிதப் பணம் எரிப்பதை இயேசு சபையார் விலக்கினார்கள். மரியாதையை மட்டும் விட்டுவைத்தார்கள். கன்ஃபூசியஸ் கோயில் வணக்கமும் அப்படித்தான். அது இல்லாமல் படித்தவனுக்குப் பட்டமும் கிடையாது, பதவியும் கிடையாது.

இந்த இரண்டு வணக்கங்களையும் 1704-ல் திருத்தந்தை பதினொன்றாம் கிளமெண்ட் தடுத்தார். 1715-ல் மறுபடி தடுத்து, குருக்களிடம் சத்தியமும் வாங்கச் சொன்னார். அதைப் படித்த காங்ஷி 1721-ல் 'இனி இவர்கள் இங்கே போதிக்க வேண்டாம்' என்று எழுதினார். 1724-ல் அவர் மகன் யோங்செங் நாடு முழுக்கத் தடை போட்டார். சாத்தியது யார்?

"சிலைவழிபாட்டோடு சமரசம் செய்யச் சொல்கிறாயா?" என்று வருவீர்கள். வாருங்கள். அதே முன்னோர் வணக்கத்தை, அதே கன்ஃபூசியஸ் மரியாதையை, 1939 டிசம்பரில் பன்னிரண்டாம் பயஸ் அனுமதித்தார். 1715-ல் பாவமாக இருந்தது 1939-ல் எப்படிக் குடிமை மரியாதை ஆனது? பலகை மாறவில்லை, ஊதுபத்தி மாறவில்லை. அதிலும் ஜப்பானுக்கு 1936-லேயே இப்படியொரு சலுகை கிடைத்துவிட்டது. சீனாக்காரன் இன்னும் மூன்று வருடம் வரிசையில் நின்றான்.

தடைக்கு அடிபோட்டவரையும் பாருங்கள். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் 1693-ல் முதலில் தடை போட்ட பிரெஞ்சுக் குரு மெக்ரோ, அந்த நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். 1706-ல் காங்ஷி அழைத்து, அரியணைக்கு மேலே இருந்த நான்கு எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். முழுதாக வாசிக்க வரவில்லை. சீனச் சடங்கின் உட்பொருளை மட்டும் கரைத்துக் குடித்திருந்தாராம்!

திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் கதை நமக்கு இன்னும் பக்கம். சீனா போகும் வழியில் புதுச்சேரியில் சில மாதங்கள் தங்கினார், அதிலும் நோயாளியாக. இயேசு சபையாரின் மதுரை மிஷனுக்குள் காலே வைக்கவில்லை. ஆனாலும் 1704 ஜூனில் தாலி முதல் திருநீறு வரை நம் சடங்குகளுக்குத் தடை எழுதிவிட்டுக் கப்பலேறினார். 1623-ல் திருத்தந்தையே மதுரை மிஷன் குரு தெ நொபிலிக்கு அனுமதித்தவையும் அதில் இருந்தன. சீனா போய் 1707-ல் நான்ஜிங்கில் அதே வேலை. 1710-ல் மக்காவில் காவலில் இறந்தார்.

"புரொட்டஸ்டன்ட்காரர்களும்தான் முன்னோர் வணக்கத்தை எதிர்த்தார்கள், வளரவில்லையா?" வளர்ந்தார்கள், அரசுப் பதவிக்கான தேர்வு முறையே 1905-ல் ஒழிந்த பிறகு. அது வேறு சீனா. "காங்ஷி எப்படியும் தடுத்திருப்பார்" என்பவருக்குப் பதிலே கிடையாது. நடக்காததை அவர் எங்கே பார்த்தாரோ?

எனக்கு வலிப்பது இன்னொன்று. 1685-ல் லுவோ வென்சாவ் ஆயரானார், முதல் சீன ஆயர். 1688-ல் ஓவியர் வூ லி உட்பட மூன்று சீனர்களைக் குருக்களாக்கினார். அடுத்த சீன ஆயர்கள் எப்போது? 1926-ல், ரோமில், ஆறு பேர். நடுவே 241 வருடம். சீனத்திலேயே திருப்பலி நடத்த 1615-ல் கிடைத்த அனுமதி ஏட்டோடு நின்றது. பதவிக்கும் படிப்புக்கும் ஆசைப்பட்ட சீனன் உள்ளே வரக்கூடாது, வந்தவன் ஆயர் ஆகக்கூடாது. பிறகு 1860-களில் பிரெஞ்சு ஒப்பந்தங்களின் துணையோடு திரும்பிவந்து 'ஏன் எங்களை அந்நியன் என்கிறார்கள்' என்று கேட்பார்களாம்.

இதில் ஒரு வரியாவது பொய் என்றால் ஆண்டோடு எழுதுங்கள். மாவோவை இழுத்துக்கொண்டு வர வேண்டாம்.