வந்துடுறேன் அண்ணே, கன்ஃபார்ம்!

வியாழக்கிழமை இரவு 11.40. மறுநாள் இரவு எங்கள் டிராகன் படகுக் குழு மலேசியாவின் பினாங்கில் நடக்கும் போட்டிக்குப் பேருந்தில் கிளம்புகிறது. பல் தேய்த்துவிட்டுப் படுக்கப் போகும்போது கைப்பேசி அதிர்ந்தது. வாட்ஸ்அப் குழுவில் இல்லை, அணித் தம்பி ஒருவன் எனக்குத் தனியாக அனுப்பிய செய்தி. "அண்ணே சாரி, இந்தத் தடவை வர முடியாது போல. வேலை டைட், உடம்பும் டயர்டா இருக்கு. நீங்க கலக்குங்க." கூடவே கை கூப்பும் பொம்மை மூன்று.

அந்த மூன்று கும்பிடுகளையும் பார்த்தபோது என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. என் மனைவி எழுந்து வந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பிரச்சினையே.

"வர முடியாது போல" என்று எழுதியிருந்தான் பாருங்கள், அந்தப் 'போல'தான் என்னை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. போல என்றால் என்ன தம்பி? வானிலை அறிக்கையா வாசிக்கிறாய்? நீ வருவதும் வராததும் உன் கையில் இருக்கிறது. ஏதோ மேலிடத்து உத்தரவு போலவும், உனக்கே செய்தி இப்போதுதான் எட்டியது போலவும் ஒரு போல!

சிங்கப்பூரில் ஒரு சின்ன டிராகன் படகுக் குழுவுக்கு நான் மேலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். காசு வசூலிப்பவன், பாஸ்போர்ட் எண் கேட்டுக் கெஞ்சுபவன், ஜெர்சி சைஸ் விசாரிப்பவன், அவ்வளவுதான். தோள்பட்டை தசை கிழிந்து, துடுப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். போன டிசம்பரில் பினாங்கில் ஒரு போட்டி. இங்கே காலாங் நீர்ப்பரப்பில் ஒவ்வொரு சனி ஞாயிறும் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்தது அதற்காகத்தான். ஆகஸ்டிலேயே பட்டியல் போட்டேன். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். இந்தத் தம்பி ஒரு படி மேலே போய், "வந்துடுறேன் அண்ணே, கன்ஃபார்ம்!" என்று ஆச்சரியக்குறியோடு எழுதினான்.

ஒருத்தன் வராவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். டிராகன் படகு பன்னிரண்டரை மீட்டர் நீளம். அகலமான இடத்திலேயே ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான். பத்து வரிசை, வரிசைக்கு இரண்டு பேர். இடப்பக்கம் பத்துத் துடுப்பு, வலப்பக்கம் பத்துத் துடுப்பு. முன்னால் மேளக்காரர், பின்னால் சுக்கான் பிடிப்பவர். கால்பந்தில் பத்துப் பேரோடு ஒப்பேற்றிவிடலாம், படகில் முடியாது. இடப்பக்கம் ஒரு துடுப்பு குறைந்தால் வலப்பக்கத்து வலு அதிகமாகி, மூக்கு இடப்பக்கமே இழுத்துக்கொண்டு போகும். சுக்கான்காரர் அதோடு மல்லுக்கட்டுவார். அவர் துடுப்பை அழுத்த அழுத்த வேகம் குறையும். எடையும் கணக்குதான். இன்ன வரிசையில் இன்னார் என்று ஒவ்வொருவரின் கிலோவையும் கூட்டிக் கழித்து இரண்டு பக்கமும் சரியாக வரும்வரை நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போட்ட கணக்கு அது. இந்தத் தம்பி ஐந்தாவது வரிசை, இடப்பக்கம், 84 கிலோ. நடு வரிசைகளை நாங்கள் எஞ்சின் ரூம் என்போம். பலசாலிகளை உட்கார வைக்கும் இடம். எஞ்சின்தான் வியாழக்கிழமை ராத்திரி கும்பிடு போட்டுவிட்டுப் போனது.

சரி, வலப்பக்கத்து ஆள் ஒருவரை இடப்பக்கம் மாற்றிவிடலாமே? வருஷக்கணக்காக வலக்கையால் எழுதியவரிடம், "நாளைக்குப் பரீட்சை, இடக்கையால் எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அப்படியானால் வேறு யாரையாவது ஏற்றிக்கொள்ளலாமே? இங்கேதான் நான் விளையாட மாட்டேன். 2007 நவம்பரில் கம்போடியாவின் நோம்பென்னில், தோன்லே சாப் ஆற்றில் சிங்கப்பூர் அணியின் படகு கவிழ்ந்து 22 பேரில் ஐந்து பேர் திரும்பி வரவில்லை. இங்கே துடுப்புப் பிடிக்கும் யாரும் அதை மறந்ததில்லை. எங்கள் குழுவில் நீந்திக் காட்டாதவருக்கு இடம் கிடையாது, படகில் ஏறினால் மிதவை அங்கி கழற்றக்கூடாது. வழியில் போகிறவரைக் கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைக்க இது என்ன ஷேர் ஆட்டோவா?

அதற்காகத்தான் மாற்று ஆட்கள் நான்கு பேரை வைத்திருந்தேன். அவர்கள் கரைந்த கதை தனி. ஒருவருக்கு ரிசர்விஸ்ட் அழைப்பாம், அதாவது தேசிய சேவை முடித்தவர்களை மறுபடியும் பயிற்சிக்குக் கூப்பிடுவது. அந்த அழைப்பு முதல் நாள் ராத்திரி கதவைத் தட்டி வருவதில்லை ஐயா, மாதக்கணக்கில் முன்னாலேயே வந்துவிடும். நானும் போய் வந்தவன்தான். இன்னொருவருக்குப் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கியில்லை. மலேசியாவுக்கு ஆறு மாதம் செல்லுபடி வேண்டும் என்று நான் குழுவில் ஏழு தடவை எழுதியிருந்தேன். அவர் அந்த ஏழுக்கும் கட்டைவிரல் காட்டியவர். மூன்றாவது ஆளுக்கு மாமா பையன் கல்யாணம். தமிழ் வீட்டுக் கல்யாணம்! மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, ஊர் ஊராக வைத்து முடிக்கவே மூன்று மாதம் ஆகும். இவருக்கு மட்டும் இரண்டு வாரம் முன்னால்தான் தெரிந்ததாம். நான்காவது ஆள் ஒன்றுமே சொல்லவில்லை. குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிட்டார். யோசித்துப் பார்த்தால் நால்வரில் அவர்தான் யோக்கியர்.

உண்மையான காரணம் சொன்னால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வருவேன். எங்கள் அணியில் ஒரு தாதி இருக்கிறார். இரவு வேலை பார்த்துவிட்டு, பகலில் பிள்ளைகளைக் கவனித்துவிட்டு, மாலையில் பேருந்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார். அவருக்கு இல்லாத 'வேலை டைட்' உனக்கு எங்கிருந்து வந்தது தம்பி?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடுத்த இடி. ஒரு பெண் உறுப்பினர். "அவரும் வரலைன்னு கேள்விப்பட்டேன். நானும் அடுத்த தடவை வரேனே." ஒருவர் எழுந்து போனதும் அடுத்தவருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பரிமாறத் தொடங்கிய பிறகு எழுந்து போகும் கூட்டம்.

இவர் போனதில் இன்னொரு சிக்கல். கலப்புப் பிரிவில் போட்டியிட, துடுப்புப் போடும் இருபது பேரில் குறைந்தது எட்டுப் பெண்கள் வேண்டும். எங்களிடம் சரியாக எட்டு. இப்போது ஏழு. பெயர்ப் பட்டியல் எப்போதோ போய்விட்டது, புதிய பெயர் சேர்க்க முடியாது. அலுவலகத்துக் கழிப்பறையில் நின்றுகொண்டு கைப்பேசியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு வழிதான் தெரிந்தது. மேளம் அடிக்கும் பெண் துடுப்புக்கு மாறுவது. அவள் வலப்பக்கம் பழகியவள், அந்த இடம் சரியாகிவிடும். மேளம் யார் அடிப்பது? மேளக்காரர் இல்லாமல் கிளம்ப விடமாட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்து, கை சும்மா இருந்த ஒரே ஆள் இந்த மேலாளர்தான்.

படகு மேளக்காரர் என்றால் சுண்டைக்காய் மாதிரி இருக்க வேண்டும். முன்மூக்கில் உட்காரும் ஆள். எடை குறைய குறைய நல்லது. எங்கள் பெண் 46 கிலோ. நான் 81. டாக்டர் ஒரு தோளை அசைக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மாதமாக 46 கிலோவுக்கு நான் போட்ட எடைக் கணக்கை, நானே மூக்கில் உட்கார்ந்து கெடுத்தேன்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி விடுமுறை நேரம், எல்லையில் நெரிசல், பினாங்கு போய்ச் சேர 700 கிலோமீட்டருக்குப் பக்கம். பேருந்தில் காலியான இருக்கைகளுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தோம். வராதவர்களின் ஓட்டல் அறைக் காசும் வந்தவர்கள் தலையில் விழுந்தது. அந்தத் தம்பியோடு ஒரே அறையில் தங்க வேண்டியவன் ஒரு சீனப் பையன், பாலிடெக்னிக் மாணவன். முகத்தில் எதையும் காட்டாமல் முழு வாடகையையும் அவனே கொடுத்தான். அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தெலுக் பஹாங் அணைக்கட்டு பார்ப்பதற்கு அழகான இடம். சுற்றிலும் பச்சை மலை, நடுவில் அசையாத தண்ணீர். கூடாரத்தில் காத்திருக்கும்போது எங்கள் சுக்கான் பிடிக்கும் பெரியவர், அறுபதைத் தாண்டிய சீனர், புதுப் பையன்களுக்குச் சூ யுவான் கதையைச் சொன்னார். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் அந்தக் கவிஞர் மிலுவோ ஆற்றில் குதித்தாராம். ஊர்க்காரர்கள் படகுகளை எடுத்துக்கொண்டு மேளம் கொட்டியபடி தேடப் போனார்களாம், மீன்கள் அவர் உடலைத் தொடாமல் இருக்கச் சோற்றை உருட்டித் தண்ணீரில் போட்டார்களாம். டிராகன் படகும், இலையில் மடித்து வேகவைக்கும் பாச்சாங் என்ற சோற்றுப் பொட்டலமும் அப்படி வந்தவை என்றார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நல்லவேளை, அந்த ஊர்க்காரர்களிடம் வாட்ஸ்அப் இல்லை. இருந்திருந்தால் பாதிப் பேர் "வர முடியாது போல" என்று போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பாச்சாங் சாப்பிட்டிருப்பார்கள்.

ஒன்றை யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். டிராகன் படகில் மேளக்காரர் மட்டும்தான் பின்னோக்கி உட்காருவார். துடுப்பு போடுபவர்கள் எல்லாருடைய முகமும் அவருக்கு நேரெதிரே இருக்கும். அதனால் ஓட்டம் முழுக்க என் கண்ணுக்கு நேராக இருந்தது எது தெரியுமா? ஐந்தாவது வரிசை, இடப்பக்கம். அந்த வெற்றுப் பலகை. அதன் மேல் ஒரு கையளவு தண்ணீர் தேங்கி, ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தனியாக அந்தப் பாலிடெக்னிக் பையன். சாய்ந்துகொள்ள எதிர்ப்பக்க எடை இல்லாமல் இடுப்பை ஒரு தினுசாக வளைத்து இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் ஒற்றைக் கையால் மேளம் அடிக்கிறேன், என் எடைக்கு மூக்கு தண்ணீரைக் குத்துகிறது, படகு இடப்பக்கமே போகிறது, பின்னாலிருந்து பெரியவர் சுக்கானோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஹொக்கியன் சீனத்தில் ஏதோ கத்துகிறார். அர்த்தம் தெரியாது, ஆனால் யாரைத் திட்டுகிறார் என்பது தெரியும்.

மூன்று நிமிடம்கூட ஆகாத ஓட்டம் அது. நான்கு மாதப் பயிற்சி அதற்குள் முடிந்துவிட்டது. ஒன்றரை விநாடி வித்தியாசத்தில் அடுத்த சுற்று கைநழுவிப் போய்விட்டது. இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் துடுப்பு இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். எதிரணிகள் பலமானவை. ஆனால் தோற்றதா, இல்லை தோற்கடிக்கப்பட்டதா என்பது எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது பாருங்கள், அந்தக் கோபம்தான் எனக்கு.

கரையேறியதும் யாரும் பேசவில்லை. மேளத்திலிருந்து துடுப்புக்கு மாறிய பெண்ணின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் உடைந்திருந்தது. "நான்தான் சார் டைமிங் விட்டேன்" என்று அழுதாள். நியாயமாக அழ வேண்டியவர்கள் இருவர், அவர்கள் சிங்கப்பூரில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் சாப்பிடப் போனோம். கண்டார் என்றால் தோளில் போடும் காவுத்தடி. அந்தக் காலத்தில் நம்மூர் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்களாம். இரண்டு பக்கமும் எடை சரியாக இல்லாவிட்டால் நாலு எட்டு வைக்க முடியாது. தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவன் இனிமேல் என் படகில் ஏற வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் இன்னொரு மீன் தலை கேட்டு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு, எல்லையில் வரிசையில் நிற்கும்போது யாரோ எங்கள் ஓட்டத்தின் வீடியோவைக் குழுவில் போட்டார்கள். அதற்கு முதலில் வந்த நெருப்புப் பொம்மை யாருடையது? தம்பியுடையதுதான். "செம டீம்! பெருமையா இருக்கு!" என்று ஒரு வரி வேறு. உடம்பு டயர்டாக இருந்தவன் சனிக்கிழமை பூப்பந்து விளையாடிய படத்தை அவன் நண்பன் போட்டிருந்ததை நான் காலையிலேயே பார்த்துவிட்டேன். ஒன்றும் எழுதவில்லை. எழுதி என்ன ஆகப் போகிறது?

செவ்வாய்க்கிழமை மறுபடியும் தனிச் செய்தி. "அண்ணே, ஜெர்சி எடுத்து வச்சிருக்கீங்களா? எல் சைஸ், முதுகில் என் பேர் போட்டது. டிசைன் சூப்பர். அடுத்த போட்டிக்கு வந்துடுறேன், கன்ஃபார்ம்!"

ஜெர்சி பத்திரமாக இருக்கிறது தம்பி. என் கார் டிக்கியில். படகை இறக்கிக் கொடுத்துவிட்டுக் கரையேறியபோது எல்லாரும் கால் சேற்றைத் துடைத்தது அதில்தான். வந்து வாங்கிக்கொள்.