"அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்"

போன டிசம்பரில் என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் இருந்து சேலம் வந்து எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கினாள். 17 வயது. அங்கே மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அக்டோபர் 15க்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும், அப்புறம் குளிர்காலம் முழுக்க நேர்காணல்கள் நடக்கும். இவளுக்கு ஜனவரியில் இரண்டு இடத்தில் அழைப்பு. பாட்டியைப் பார்க்கத்தான் வந்தாள் என்றாலும் பெட்டியில் துணிக்குச் சமமாக ஒரு தடித்த பைலும் வந்தது. நூற்றுக்கும் மேல் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் மாதிரி விடை. ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் பணம் கட்டி வாங்கியது.

நான் 34 வருஷம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் அண்ணன் போன் செய்து, "நீ கொஞ்சம் கேள்வி கேட்டுப் பழக்கி விடும்மா" என்றார். பழக்கினேன். அதில் எனக்குப் பட்டதை எழுதிவிட வேண்டும் என்று ஒரு மாதமாக மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் இங்கே நம் பக்கத்திலும் பிள்ளைகளை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதே மாதிரி விடைகளைத் தேடி அலைகிறார்கள்.

அறம் சம்பந்தப்பட்ட கேள்விக்கு விடையை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இதைத்தான் சொல்ல வந்தேன். சீட் கிடைக்காமல் போகும் என்பதற்காகச் சொல்லவில்லை. அது அந்தப் பிள்ளையின் காதை அடைத்துவிடுகிறது. என் கண் முன்னால் அதைப் பார்த்தேன்.

அங்கே நேர்காணல் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற சில இடங்களில் பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் எம்எம்ஐ, அதாவது பல சிறு நேர்காணல்கள் என்ற முறை. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவானது. ஒரே அறையில் அரை மணி நேரம் உட்கார வைக்காமல் அடுத்தடுத்து ஏழெட்டு இடங்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சூழ்நிலை, படித்துப் பார்க்க ஓரிரு நிமிடம், பேச சில நிமிடம், மணி அடித்ததும் அடுத்த இடம். சில இடங்களில் ஒரு நடிகரையே நோயாளியாக உட்கார வைத்திருப்பார்கள், பிள்ளை அவரிடம் பேச வேண்டும். ஒருவருக்கு உன்னைப் பிடிக்காமல் போனாலும் அடுத்தவரிடம் புதிதாக ஆரம்பிக்கலாம் என்பது இதில் உள்ள நியாயம்.

இதற்குப் பிள்ளைகள் நான்கு வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பீச்சம், சில்ட்ரெஸ் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1979இல் வகுத்துக் கொடுத்த நான்கு கொள்கைகள். நோயாளியின் முடிவை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், நீதி. நல்ல கொள்கைகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பாப்பா எந்தக் கேள்வி கேட்டாலும் முதல் மூச்சில் இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் எதிரே இருக்கும் ஆளைப் பார்த்தாள்.

பைலில் இருந்த ஒரு கேள்வி: உங்கள் நோயாளிக்கு வலிப்பு வருகிறது, ஆனாலும் அவர் வண்டி ஓட்டுகிறார், என்ன செய்வீர்கள்? அங்கே இதற்குத் தெளிவான நடைமுறை உண்டு. வலிப்பு வந்தால் ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்துக்கு அவரே தெரிவிக்க வேண்டும், அதை டாக்டர் எடுத்துச் சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஓட்டினால் டாக்டரே தெரிவிக்கலாம், தெரிவிக்கப் போவதை நோயாளியிடமும் சொல்லிவிட வேண்டும். கார் என்றால் பொதுவாக ஒரு வருஷம் வலிப்பு வராமல் இருக்க வேண்டும். பேருந்து, லாரி ஓட்டுபவர் என்றால் மாத்திரையே இல்லாமல் பத்து வருஷம். நம் நாட்டிலும் உரிமத்துக்கு எழுதிக்கொடுக்கும் படிவத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது, எத்தனை பேர் உண்மையை எழுதுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதை நான் ஏற்காட்டு ரோட்டில் வேன் ஓட்டும் ஆளாக மாற்றி, நானே அந்த ஆளாக உட்கார்ந்தேன். "வண்டியை விட்டா பொழப்பு போயிரும் டாக்டர், மூணு புள்ளைங்க" என்றேன். அவள் இரண்டு நிமிடத்தில் சட்டம், பொதுமக்கள் பாதுகாப்பு, ரகசியம் காப்பதன் எல்லை எல்லாவற்றையும் அழகாகச் சொல்லி முடித்துவிட்டாள். ஒரு தப்பும் கிடையாது. ஆனால் கடைசியாக வலிப்பு எப்போது வந்தது என்று என்னிடம் கேட்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவளை ஏற்காட்டுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். காரில் போகலாம் என்றாள், வேண்டாம் என்றேன். அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஸ்டீயரிங்கை உடம்போடு சேர்த்து வளைப்பதை முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள், பேசவில்லை. மேலே என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா இருக்கிறார். மலைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வருஷக்கணக்கில் நடந்தவர். காப்பிப் பழம் பறிக்கும் சமயம், அவர் வீட்டு வாசலிலும் களத்தில் பழம் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்து அந்த அக்காவை வேன் டிரைவராக இருக்கச் சொன்னேன்.

அக்கா எதுவும் ஒத்திகை பார்க்கவில்லை. முதலில் "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார். பாப்பா இந்த முறை பொறுத்திருந்தாள். வலிப்பு எப்போது வந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருந்தாள். அப்புறம்தான் அக்கா சொன்னார்: "அந்த மாத்திரை போட்டா தூக்கம் தூக்கமா வருதுங்க. அதனால வண்டி ஓட்டுற அன்னிக்குப் போடறதில்ல."

பாப்பா அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். கதையே மாறிவிட்டது இல்லையா? அந்த ஆள் பொறுப்பில்லாதவர் கிடையாது. பயணிகளோடு தூங்கி விழுந்துவிடக் கூடாது என்று பயந்து, அந்தப் பயத்தாலேயே பெரிய ஆபத்தில் இருக்கிறார். அவர் இப்போதைக்கு வண்டியை நிறுத்தத்தான் வேண்டும், அதில் மாற்றம் இல்லை. ஆனால் மாத்திரையையும் அளவையும் மாற்றிப் பார்க்க முடியுமா, வண்டி ஓட்டாமல் முதலாளியிடம் வேறு வேலை கேட்க முடியுமா என்று பேசுவதற்கு இப்போது ஒரு வழி திறந்தது. இப்படி வாழ்ந்த ஒரு ஆள் தனக்குத் தெரியும் என்று அக்கா பிறகு சொன்னார், பெயரைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இன்னொரு கேள்வியில் நானும் அவளும் கொஞ்சம் சண்டையே போட்டோம். கருவில் இருப்பது பெண்ணா ஆணா என்று பெற்றோர் கேட்டால் சொல்லலாமா? "அது அவங்க உரிமை அத்தை, இருபதாவது வார ஸ்கேன்ல கேட்டா சொல்வாங்களே" என்றாள். அவள் ஊரில் அது சரி. அங்கே அதைக் கேட்டுவிட்டு நீல நிறச் சட்டையோ ரோஸ் நிறச் சட்டையோ வாங்கப் போவார்கள். இங்கே அது 1994ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் போர்டு மாட்டியிருக்கிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. சேலத்து ரத்தம், சேலத்துக் கதை தெரியாது.

தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் ஜெயலலிதா அரசு முதலில் சேலத்தில்தான் தொடங்கியது. பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், வேண்டாம் என்றால் தொட்டிலில் விட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே கெஞ்ச வேண்டிய நிலையில் நம் மாவட்டம் இருந்தது. அப்போது நான் வேலையில் சின்னப் பெண். மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும் வார்டு வாசலில் இருந்த உறவுக் கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். கஞ்சி கொண்டுவரக்கூட ஆள் இல்லாமல் அந்தத் தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், டிஸ்சார்ஜ் ஆகிப் போன பிறகு அந்தக் குழந்தை என்ன ஆனது என்று நினைத்து எங்களுக்குத் தூக்கம் வராது. இதை எல்லாம் சொல்லி முடித்ததும் பாப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் பைலில் அந்தப் பக்கத்தை எடுத்து விடையை அடித்தாள். அடிக்காதே கண்ணு, இது உன் ஊருக்குச் சரியான விடை, இந்த ஊரில் ஏன் தப்பு என்று பக்கத்தில் எழுதிக்கோ என்றேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நம் ஊரில் டாக்டர், நர்ஸ் எல்லோரும் வாரம் ஒரு முறையாவது கேட்டிருக்கக்கூடிய வாக்கியம் அது. புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் மகனோ மருமகளோ அறைக்கு வெளியே இழுத்துச் சொல்வார்கள். பாப்பாவிடம் கேட்டேன். பட்டென்று சொன்னாள், நோயாளிக்குத் தானாக முடிவெடுக்கும் திறன் இருந்தால் அவரிடம்தான் சொல்ல வேண்டும், குடும்பம் தடுக்க முடியாது, இங்கிலாந்தில் 2005ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது என்று.

அப்போதுதான் அவள் தாத்தா கதையைச் சொன்னேன். இதுவரை வீட்டில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருந்தவர். 2003இல் வயிற்றில் புற்றுநோய் வந்தது. ரிப்போர்ட்டை முதலில் படித்தவள் நான். டாக்டரிடம் "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று சொன்னவளும் நான்தான். அல்சர் என்று சொல்லி வைத்தோம். வெள்ளி கொடுத்தது வாங்கியது, கூலி பாக்கி, எல்லாம் அவர் மனசில்தான் இருந்தது, நோட்டில் பாதிகூட இல்லை. பட்டறைக்கு ஒரு தடவை போய்வருகிறேன் என்பார், உடம்பு தேறட்டும்பா என்போம். ஒரு ராத்திரி வார்டில் நான் பக்கத்தில் இருந்தபோது கேட்டார்: "நீ நர்சு. உனக்குத் தெரியும். என்ன எனக்கு?" அல்சர்தான்பா என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சரி, நீ போய்த் தூங்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நாலு மாதத்தில் போய்விட்டார். காரியம் முடிந்ததும் பாக்கி கேட்டு ஆட்கள் வந்தார்கள், யார் சொல்வது நிஜம் என்று எங்களுக்குத் தெரியவில்லை, எல்லோருக்கும் கொடுத்தோம். பணம் போனதில் வருத்தம் இல்லை. அந்த ராத்திரி அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பாப்பா அழுதாள். சட்டம், உரிமை என்று எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று கேட்டாள்: "அத்தை, உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு ஆரம்பத்திலேயே தாத்தாகிட்ட யாராவது கேட்டிருக்கலாம் இல்ல? அவரே என்கிட்ட வேண்டாம், மகன்கிட்ட சொல்லுங்கன்னு சொல்லியிருந்தா அதுவும் அவர் முடிவுதானே?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நல்ல டாக்டர்கள் இதைத்தான் செய்கிறார்கள். சொல்வதற்கு முன்னால், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடமே கேட்கிறார்கள். அவளாகவே அங்கே போய்ச் சேர்ந்தாள்.

அப்படியென்றால் நம் ஊரிலும் நீட்டை எடுத்துவிட்டு நேர்காணல் வைக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். வேண்டாம். நேர்காணல் மதிப்பெண் நமக்குப் புதிதல்ல, ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 75 மதிப்பெண் நேர்காணலுக்கு இருந்தது, அது 1970இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்காகப் போனது. சில நிமிடம் பார்த்துப் போடும் மதிப்பெண்ணில் சிபாரிசும் அப்பா பெயரும் சாதியும் நுழைய எவ்வளவு நேரம் ஆகும்? கொலுசுப் பட்டறைக்காரர் பிள்ளைக்கு அங்கே யார் பேசுவார்கள்? வேலூர் சிஎம்சி மாதிரி ஒரு இடம் பல வருஷம் பிள்ளைகளை வரவழைத்துச் சில நாள் கூடவே வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, அந்த முறையை விடமாட்டோம் என்று 2017இல் எம்பிபிஎஸ்ஸில் ஒரே ஒருவரைத்தான் சேர்த்தது, கடைசியில் 2020இல் நீட் அவர்களுக்கும் கட்டாயம் என்று தீர்ப்பு வந்துவிட்டது. அந்த மாதிரி பொறுமை எல்லா இடத்திலும் இருக்கும் என்று நான் நம்பவில்லை. நீட்டைப் பற்றி எனக்கு இருக்கும் கோபத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆனால் இந்தக் கேள்விகளை நீட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். மதிப்பெண் இல்லாமல், வீட்டில் சாப்பிடும்போது கேளுங்கள். 2019இல் இருந்து எம்பிபிஎஸ் பாடத்திட்டத்திலேயே மனப்பான்மை, அறம், பேச்சு என்று தனிப்பகுதி இருக்கிறது, எப்படியும் அவர்கள் இதைச் சந்திக்கத்தான் போகிறார்கள். உறவில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் படிப்பு கெடும் என்று பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். துணைக்கு ஒரு ராத்திரி அனுப்புங்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் பேசுவதைக் கேட்கட்டும்.

ஜனவரியில் முதல் நேர்காணல் முடிந்த அன்று இங்கே ராத்திரி பத்தரை மணி, பாப்பா போன் செய்தாள். என்ன கேட்டார்கள் என்று ஆர்வமாகக் கேட்டேன். "கேள்வியை வெளியே சொல்ல மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன் அத்தை" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். பாட்டி சாப்பிட்டாங்களா என்று கேட்டாள், சாப்பிட்டாங்க என்றேன்.